பிறர்பொருட்டு இசைதல்: தடுப்பூசியும் பெற்றோரின் தயக்கமும்

தன் உடலைப் பற்றித் தானே முடிவு செய்வது ஒருவருக்கு உரிமை. பிறிதோர் உடலைப் பற்றி முடிவு செய்வது பொறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே தடுப்பூசி பற்றிய விவாதங்களுட் பல தெளிவிழந்து போகின்றன. வளர்ந்தவர் ஒருவர் ஊசியை ஏற்பினும் மறுப்பினும் அதன் விளைவிற் பெரும்பங்கு அவரையே சார்கின்றது. தவறு நேரின் அவர் தம்மையே நொந்துகொள்ளலாம். மகவின் கையைப் பற்றித் தாதியின் முன் நீட்டும் தாய்க்கு அத்தகைய ஆறுதல் இல்லை. வலியை ஏற்கும் உடல் ஒன்று. இசைவைத் தரும் உள்ளம் மற்றொன்று. இவ்விடைவெளியிற் பிறப்பதே பெற்றோரின் தயக்கம்.

கொவிட்-19 பெருந்தொற்று இவ்வினாவை உலகின் எல்லா வீடுகளுக்கும் கொண்டு சென்றது. இலங்கையில் 2021 ஜனவரி 29இல் தடுப்பூசி ஏற்றும் பணி தொடங்கியது. முதலிற் சுகாதாரப் பணியாளரும் பின்னர் முதியோரும் ஏனையோரும் அதனைப் பெற்றனர். அவ்வாண்டு செப்ரெம்பரில், நாட்பட்ட நோயுடைய 12 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பைசர் தடுப்பூசி வழங்கப்படலாயிற்று. 2022 ஜனவரியில் 12 முதல் 15 வயது வரையிலான ஏனைய பிள்ளைகளின் முறை வந்தது. தமக்கு வந்தபோது அதிகம் சிந்தியாது ஏற்றுக்கொண்டவர் பலர், தம் பிள்ளைக்கு வந்தபோது நின்று யோசித்தனர். இஃது உலகெங்கும் காணப்பட்ட நிலை.

இத்தயக்கத்துக்குக் கற்றோர் வழக்கமாகக் கூறும் காரணம் அறியாமை என்பதாகும். வதந்திகள் உலாவியது உண்மையே. ஊசி மலட்டுத்தன்மையைத் தரும் என்பது போன்ற ஆதாரமற்ற கதைகள் பல நாடுகளிற் பரவின. ஆயினும் தயக்கம் முழுவதையும் அறியாமைக் கணக்கில் எழுதிவிடுவது எளிய வழியேயன்றி நேரிய வழியாகாது. தயங்கும் தாயின் உள்ளத்தில் மூன்று வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன: இதனால் என் பிள்ளைக்கு என்ன நன்மை, என்ன தீமை? தீமை நேரின் அதனைச் செய்தவள் நானாவேனா? இதனை நன்மையென்று சொல்பவர் யார்? முதலாவது கணிப்பைச் சார்ந்தது. இரண்டாவது செயலின் இயல்பைச் சார்ந்தது. மூன்றாவது நம்பிக்கையைச் சார்ந்தது. இம்மூன்றையும் மன்னார்த் தீவையும் அதனையொட்டிய கரையையும் முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னாரை இதற்குத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நோயும் நோய்த்தடுப்பும் இந்நாட்டுக்குள் புகுந்த வாயில்களுள் அக்கரையும் ஒன்று. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில் பல்லாயிரவர் ஓரிடத்திற் குழுமினர்; வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களோடு குழுமின. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருந்தோட்டங்களை நாடி வந்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியில் நோயுற்று மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகையிரதத்தோடிணைந்த கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. அதன்பின் அக்கரையிலுள்ள மண்டபம் முகாமில் தொழிலாளர் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே இக்கரைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. ஊசி அவர்களுக்கு மருந்தாக மட்டும் வரவில்லை. வேலைக்குப் போகும் வழியின் கடவுச்சீட்டாகவும் வந்தது.

அதற்கும் முற்பட்ட வரலாறு இன்னும் கருதற்பாலது. எட்வேட் ஜென்னர் 1796இல் கோவம்மைச் சீழை முதன்முதலிற் சோதித்தது எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மீது. அச்சிறுவன் ஒரு தோட்டக்காரனின் மகன். 1802இல் அம்மருந்து பம்பாய்க்கும், அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. குளிர்சாதனம் இல்லாத அக்காலத்தில் ஒருவர் கையிற் பொங்கிய கொப்புளத்திலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றியே மருந்தை உயிர்ப்புடன் வைத்திருக்க முடிந்தது. அவ்வாறு மருந்தைச் சுமந்தவருட் பெரும்பாலோர் குழந்தைகள். 1886இல் இலங்கையில் அம்மை குத்துதல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. மனித குலம் பெரியம்மையிலிருந்து விடுபட்டமைக்கு, கேட்கப்படாத குழந்தைகளின் கைகளுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். நன்மை பெரிது என்பதால் அவர்கள் கேட்கப்படவில்லை என்னும் உண்மை மறைந்துவிடாது.

இனி முதலாவது வினாவை நோக்குவோம். நன்மையையும் தீமையையும் எண்ணால் நிறுத்துப் பார்க்கும் முயற்சி ஜென்னருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. பெரியம்மைச் சீழையே சிறிதளவு உடலிற் புகுத்தும் பழைய முறை ஐரோப்பாவிற் பரவிய காலம் அது. அம்முறையால் 200 பேரில் ஒருவர் இறக்கக்கூடும் எனக் கொண்டாலும், எல்லோருக்கும் அதனைச் செய்தால் மனிதரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டு கூடும் என்று டானியல் பேர்னூலி 1760இற் கணித்துக் காட்டினார். பிரெஞ்சு அறிஞர் தாலம்பேர் இக்கணிப்பை எதிர்த்தார். சில ஆண்டுகள் கூடும் என்பது வாழ்வின் இறுதியில் வரும் ஆதாயம். ஊசியால் வரும் ஆபத்தோ இம்மாதமே வருவது. நாட்டை ஆள்வோனுக்கு இரண்டும் ஒரே நிரலில் எழுதக்கூடிய எண்கள். தனி மனிதருக்கு அவ்வாறல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். ஊசியை அவர் எதிர்த்தாரல்லர். கணக்கு முழுமையானதன்று என்றே கூறினார்.

அவ்விவாதம் இன்றும் உயிருடன் இருக்கின்றது. ஆயினும் எல்லாத் தடுப்பூசிகளுக்கும் கணக்கு ஒன்றல்ல என்பதை இங்கு வற்புறுத்தல் வேண்டும். சின்னமுத்து, கக்குவான், தொண்டைக்கரப்பன், இளம்பிள்ளைவாதம் ஆகியன குழந்தைகளையே தேடி வரும் நோய்கள். அவற்றுக்கெதிரான ஊசியின் நன்மை, அதனைப் பெறும் குழந்தைக்கே முதன்மையாக உரியது. அத்துடன் அவ்வூசிகளின் பின்னால் பல பத்தாண்டு அனுபவம் நிற்கின்றது. கொவிட்-19 நிலை வேறு. அந்நோய் முதியோரைக் கொன்ற அளவிற் சிறுவரைக் கொல்லவில்லை. ஊசியோ புதியது. பைசர் போன்ற ஊசிகளால், மிக அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களிடத்தில் இரண்டாம் ஊசிக்குப் பின் இதயத்தசை அழற்சி ஏற்படுவதுண்டு என்பதும் 2021இல் அறியப்பட்டது. நாட்பட்ட நோயுடைய பிள்ளைக்கு ஊசியின் தேவை தெளிவாகவிருந்தது. நலமுள்ள பிள்ளையின் தட்டில் நன்மை சிறிதாகவும் தீமை அதனினும் மிகச் சிறிதாகவும் இருந்தன. இத்தகைய தராசின் முன் சிறிது நேரம் நிற்பவரை அறிவிலி என்பது பொருந்தாது.

அவ்வாறாயின், சிறுவருக்கு ஊசி ஏற்றியது பெரியோரைக் காப்பதற்காகவா? என் பிள்ளை பிறருக்குக் கேடயமா என்று ஒரு தந்தை வினவினால் அதற்கு என்ன விடை? ஊசி தொற்றைக் கடத்துவதை முற்றாகத் தடுக்கவில்லை என்பது காலப்போக்கிற் தெளிவாயிற்று; ஆகவே இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. இதற்கு இரண்டு விடைகள் உள. ஒன்று, குழந்தையின் நன்மை அதன் தோலோடு முடிவதன்று. பேசாலையிலோ வங்காலையிலோ தந்தை கடலுக்கும் தாய் கருவாட்டு வாடிக்கும் சென்ற பின் பிள்ளையை வளர்ப்பவள் பாட்டி; அவள் உயிரோடிருத்தல் பிள்ளையின் நன்மையுள் அடங்கும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் 2021 ஒக்ரோபரிலேயே படிப்படியாக நிலையாகத் திறக்கப்படலாயின; வகுப்பறைக்குத் திரும்புதலும் பிள்ளையின் நன்மையே. மற்றொன்று இதற்கு எல்லை வகுப்பது. பிள்ளைக்கு நேரடி நன்மை குறையக் குறைய, சமூகம் அப்பிள்ளையிடம் கட்டளையிடும் உரிமையை இழந்து, வேண்டிக்கொள்ளும் நிலைக்கு இறங்குதல் வேண்டும். பெற்றோரை இசைவித்தல் அங்கே உபசாரமாகாது, அறத்தின் கட்டாயமாகும்.

இரண்டாவது வினா செயலையும் செயலின்மையையும் பற்றியது. ஊசியாற் பிள்ளைக்குக் கேடு நேரின் அது நான் செய்தது. நோயாற் கேடு நேரின் அது விதி செய்தது என்று உள்ளம் பிரித்துக் காண்கின்றது. இம்மானுவேல் கான்ற் 1797இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில், அம்மை குத்திக்கொள்பவர் உயிரைக் காக்கும் நோக்குடனேயே உயிரை ஆபத்துக்கு உட்படுத்துகின்றார். இது தகுமா என்னும் வினாவை எழுப்பி, முடிவு கூறாமலே விட்டார். பெஞ்சமின் பிராங்கிளினின் வாழ்க்கை அதற்கு ஒருவகை விடையைத் தருகின்றது. 1736இல் அவருடைய நான்கு வயது மகன் பெரியம்மையால் இறந்தான். அவனுக்கு அம்மை குத்தப்பட்டிருக்கவில்லை. குத்தியபின் பிள்ளை இறந்தால் தம்மைத் தாமே மன்னிக்க முடியாது என்று அஞ்சும் பெற்றோருக்காகவே அதனைத் தம் வரலாற்றில் எழுதுவதாக அவர் குறிப்பிட்டுள்ளார். குத்தாதிருந்து இழந்தவரின் கழிவிரக்கமும் அதே அளவினது என்பது அவர் கண்ட உண்மை.

செய்யாதிருத்தல் நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் என்னும் எண்ணம் கடலோர மக்களுக்குப் புதிதாக விளக்கவேண்டிய ஒன்றன்று. சோளகம் திடீரெனப் பெயர்ந்தடிக்கும் வேளையிற் பாயை இறக்காதிருத்தலும் ஒரு முடிவே. வள்ளம் கவிழ்ந்தால் காற்றை மட்டும் எவரும் குற்றஞ்சாட்டார். நோய் ஊரிற் புகுந்த பின் பெற்றோர் நிற்கும் இடமும் அத்தகையதே. ஊசி போடுதல், போடாதிருத்தல் என்னும் இரண்டுள் ஒன்றை அவர் தெரிந்தே ஆகவேண்டும். மூன்றாவதாகத் தெரியாதிருக்கும் இடம் ஒன்று இல்லை. தயக்கம் ஒரு காலத்துக்குரியது. அக்காலத்தை ஆராய்வதற்குப் பயன்படுத்தினால் அது பொறுப்பு. ஆராயாமலே நீட்டினால் அது பெயர் மாறிய மறுப்பு.

மூன்றாவது வினாவே மன்னார்க் கரையில் மிகக் கனமானது. இதனைச் சொல்பவர் யார்? ஊசியின் உள்ளீட்டைத் தாமே சோதித்தறியக் கூடிய பெற்றோர் எங்கும் இல்லை. பல்கலைக்கழகத்தாரும் இதற்கு விலக்கல்லர். நாம் அனைவரும் பிறர் சொல்லை நம்பியே செயற்படுகின்றோம். எனவே சொல்பவரின் கடந்தகாலம் சொல்லின் எடையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது. அக்கடந்தகாலம் எத்தகையது?

2013 ஓகஸ்ற் மாத இறுதியில், மன்னாருக்கு வடக்கே பூநகரிக் கரையிலுள்ள வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், பிள்ளைகளின் நலன் பேணும் சிகிச்சை நிலையத்துக்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்குப் போதிய விளக்கமின்றி, அழுத்தத்தின் பேரிற் கருத்தடை உட்பதியங்கள் பொருத்தப்பட்டன என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பிள்ளையின் பெயரால் அழைத்துத் தாயின் உடலில் வேறொன்று செய்யப்பட்டது என்று ஓர் ஊர் நம்புமாயின், அடுத்த அழைப்பை அவ்வூர் எவ்வாறு கேட்கும்?

கொவிட் காலமே மற்றொரு சான்றைத் தந்தது. அந்நோயால் இறந்தவரைப் புதைத்தலும் எரித்தலும் இரண்டும் பாதுகாப்பானவை என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. ஆயினும் ஏப்பிரலில் இலங்கை அரசு எரித்தலைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு டிசெம்பரிற் பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல், பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரிக்கப்பட்டது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் புத்தளத்தில் வாழ்ந்து, எருக்கலம்பிட்டிக்கும் முசலிக்கும் மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் இச்செய்தியைக் கேட்டன. 2021 பெப்ரவரியிற் புதைக்க அனுமதி கிடைத்தபோது, அதற்கென அரசு முதலில் அறிவித்த இடம் இரணைதீவு. போரால் இடம்பெயர்ந்து 2018இலேயே அத்தீவுக்கு மீண்டிருந்த கத்தோலிக்க மீனவ மக்கள் அதனை எதிர்த்தனர். பின்னர் ஓட்டமாவடியில் உடல்கள் புதைக்கப்பட்டன. கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.

விஞ்ஞானம் கூறியதற்கு மாறாக விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்த காலத்திலேயே, அதே அதிகாரம் விஞ்ஞானத்தின் பெயரால் ஊசியை நீட்டியது. இறந்த மகவின் உடல் பற்றிப் பெற்றோர் கூறிய சொல்லுக்கு மதிப்பளியாத அரசு, உயிருள்ள மகவின் உடல் பற்றி அவர்களின் இசைவைக் கேட்டது. இந்நிலையில் ஒரு தந்தை தயங்குவாராயின் அவரிடம் காணப்படுவது அறியாமையன்று, நினைவு. நினைவைப் பகுத்தறிவின்மை என்று பழிப்பது அறமாகாது.

ஆயினும் இங்கே நின்றுவிடல் இயலாது. சொல்பவரை நம்பாமைக்குக் காரணம் உண்டு என்பதிலிருந்து, சொல்லப்பட்டது பொய் என்னும் முடிவு பெறப்படாது. நம்பிக்கையற்றவர் ஒருவர் மழை பெய்கின்றது என்றால், நாம் எழுந்து வெளியே பார்க்கவேண்டுமே தவிர, வெயில் அடிக்கின்றது என்று துணிதல் கூடாது. நம்பிக்கையின்மை ஆராய்வதற்குத் தூண்டுகோல், தீர்ப்புக்குச் சான்றாகாது. ஊசியைப் பொறுத்தவரை வெளியே பார்க்க வழியுண்டு. இக்கரையோடு எந்தப் பகையும் உறவும் இல்லாத நாடுகள் அதே ஊசியை ஆராய்ந்து தம் பிள்ளைகளுக்கு அளித்துள்ளனவா? ஆள்வோர் தம் பிள்ளைகளுக்கும் அதனையே ஏற்றினரா? கொழும்பிலும் மாத்தறையிலும் வழங்கப்பட்டதே தலைமன்னாரிலும் வழங்கப்படுகின்றதா? இவ்விறுதி வினா ஒரு நல்ல உரைகல். கட்டாய எரிப்பு சில சமயத்தாரின் நெஞ்சையே குறிப்பாகச் சுட்டது. உட்பதியக் குற்றச்சாட்டு குறித்த சில ஊர்களையே சார்ந்தது. எல்லோருடைய பிள்ளைக்கும் ஒரேவகையாக வழங்கப்படும் ஒன்றை அவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணுதல் பொருந்தாது.

வடகிழக்கின் பெற்றோர் இவ்வேறுபாட்டை ஒருமுறை மிகத் தெளிவாக உணர்ந்து செயற்பட்டுள்ளனர். 1995 முதல் இளம்பிள்ளைவாதத்துக்கான தேசிய தடுப்பு மருந்துத் தினங்கள் நடத்தப்பட்டபோது, போரிட்ட இரு தரப்பும் அந்நாள்களில் மோதலை நிறுத்த இசைந்தன. குண்டு விழுந்த ஊர்களிலிருந்து தாய்மார் பிள்ளைகளைச் சுமந்து வந்து, கொழும்பிலிருந்து வந்த மருந்தை அவர்களின் வாயில் இடுவித்தனர். அவர்கள் எவரையும் மன்னித்துவிடவில்லை. தம் வழக்கைக் கைவிடவுமில்லை. வழக்கு வேறு, பிள்ளை வேறு என்று பிரித்தறிந்தனர். இலங்கையில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1993இல். போர் முடிவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்.

பெற்றோரிடம் இப்பகுப்பை எதிர்பார்க்கும் சமூகம், தன் பங்கையும் நிறைவேற்றக் கடமைப்பட்டது. முதற் கடமை தீமையை மறையாது கூறல். 2008 ஜனவரியில் இலங்கையில் அறிமுகமான ஐங்கூட்டுத் தடுப்பூசி, சில குழந்தைகளின் இறப்புகள் அறிவிக்கப்பட்டதை அடுத்து ஏப்பிரலில் இடைநிறுத்தப்பட்டது. நிபுணர் ஆராய்வுக்குப் பின் 2010இல் மீண்டும் வழங்கப்பட்டது. நிறுத்தி ஆராய்ந்தமை ஊசியின் பெயரைக் கெடுக்கவில்லை, காத்தது. இரண்டாங் கடமை இசைவை மெய்யாகவே கேட்டல். பெற்றோரின் மொழியில் விளக்காது பெற்ற கையொப்பம் இசைவாகாது. ‘இல்லை’ என்று சொல்ல வழியில்லாத இடத்திற் சொன்ன ‘ஆம்’ என்பதும் இசைவாகாது. மூன்றாவது, பழைய தீங்குகளுக்குப் பரிகாரம் காணல். அதனை ஊசி ஏற்றுவோர் தொகை கூடவேண்டும் என்பதற்காகச் செய்தல் போதாது. அவை தீங்குகள் என்பதற்காகவே செய்தல் வேண்டும்.

மருந்து என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்னும் நாற்கூறுடையது என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்துள்ளார். பெருந்தொற்றுக் காலத்தில் முதல் மூன்றும் பெரிதும் பேசப்பட்டன. நான்காவது மறக்கப்பட்டது. கிராமத்தில் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதே அந்நான்காவது கூறு. தாய் கருவுற்ற நாள் முதல் அவளை அறிந்தவள். பிள்ளையின் நிறையைக் குறித்து வைத்தவள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் கண்டால் யாரை நாடுவது என்பதைச் சொல்லக் கூடியவள். பெற்றோர் ‘அரசு’ என்னும் அருவப் பொருளை நம்புவதில்லை. இத்தகைய ஒருத்தியை நம்புகின்றனர். அவளைப் பொய்யுரைக்கவோ ஏமாற்றவோ பயன்படுத்தும் ஆட்சி, தன்னிடமுள்ள மருந்துகளுள் மிக அரியதனை வீணாக்குகின்றது.

இவ்வளவும் கூறியபின் எஞ்சுவது ஒன்று. ஒரு நோய்க்காக இழந்த நம்பிக்கை அந்நோயோடு நின்றுவிடுவதில்லை. சின்னமுத்தை ஒழித்த நாடு என 2019இல் அங்கீகாரம் பெற்ற இலங்கையில், 2023இல் அந்நோய் மீண்டும் தோன்றியது. சின்னமுத்து ஊசி பெறும் வயதாகிய ஒன்பது மாதத்தை எட்டாத சிசுவுக்குத் தன்னைச் சூழ உள்ளோர் பெற்ற ஊசியே காவல். அச்சிசு எந்த ஆணையையும் பிறப்பித்ததில்லை. எந்த உடலையும் எரித்ததில்லை. எவரையும் ஊரைவிட்டு வெளியேற்றியதுமில்லை.

ஆட்சியின்மீது பெற்றோருக்குள்ள வழக்கு நியாயமானதாகலாம்; பல இடங்களில் நியாயமானதே. அதனை நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் எழுத்திலும் வீதியிலும் தளராது நடத்துதல் அவர்கள் உரிமை. அவ்வழக்கைப் பிள்ளையின் உடலை அரங்காக வைத்து நடத்தலாகாது. அவ்வாறே, அவ்வழக்கு நிலுவையில் இருப்பதை மறந்து பெற்றோரைப் பழித்தலும் அரசுக்குத் தகாது. தயங்கும் தாயைக் கண்டு கற்றோர் முதலிற் கேட்கவேண்டியது அவளுக்கு என்ன தெரியாது என்பதன்று. அவளுக்கு என்ன நடந்தது என்பதேயாம். அதனைக் கேட்டறிந்த பின், ஊசி பற்றி நாம் அறிந்த உண்மையை, அதன் தீமையும் சேர, அவளிடம் கூறுதல் நம் கடன். முடிவு அவளுடையது, அம்முடிவின் பயனை அனுபவிக்கப்போவது அவள் பிள்ளை என்பதை அவளும் நாமும் மறவாதிருத்தல் வேண்டும்.